பிரேக்கை மிதித்தால் விழும் முள்

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வண்டியில் எது கெட்டாலும் முதல் பழி நமக்குத்தான் என்பதால், தப்பு யாருடையது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. புதுச்சேரி முதலியார்பேட்டையில், கடலூர் சாலையைப் பார்த்த மாதிரி என் கடை. பழைய டீசல் காரை வைத்துக்கொண்டு, காலையில் அது கிளம்புமா கிளம்பாதா என்று படுக்கையில் கிடந்தபடியே கவலைப்படுகிற புண்ணியவான்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள். எல்லாம் ஒரே ஒரு காரைப் பற்றியதுதான்.

படுத்துக்கொள்ளும் முள்

தணிகாசலம் அண்ணன் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர். வண்டி அவருடையதே. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குகிற குடும்பத்தை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டில் வாங்கிய டீசல் கார் அது. எவ்வளவு பழசு என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். அன்றைக்கு அவர் சொல்லிக்கொண்டு வந்தது ஆர்.பி.எம் மீட்டரைப் பற்றி. இன்ஜின் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று காட்டுகிற மீட்டர். அது இல்லாமலேயே பாதி ஊர் வண்டி ஓட்டுகிறது. அதனால் அதற்காக ஒருவர் மெனக்கெட்டு வந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

பிரேக்கில் கால் வைத்தால் முள் விழுகிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரேக் பிடித்தால் வண்டி மெதுவாகும், வண்டி மெதுவானால் முள் இறங்கும், இதில் என்ன அதிசயம் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் போவதாகச் சொன்னார். மகள் வயிற்றுப் பேரனுக்கு முதல் மொட்டை, மருமகன் வீட்டுக் குலதெய்வம் அங்கேதான். லாஸ்பேட்டையில் இருக்கும் சம்பந்தியும் வருகிறார். இந்த ஓட்டை வண்டி வேண்டாம், வேன் எடுக்கலாம் என்று சம்பந்தி ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டாராம். அந்தப் பேச்சு இவருக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கொல்லிமலைக்குக் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது என்பார்கள். அதையும் அவரேதான் ஞாபகப்படுத்தினார். பிறகு, நான் சிரித்ததை மனதில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னார்:

"வண்டி வேகம் கொறையறதுக்கு முன்னாடியே முள்ளு விழுது பாய். இன்ஜின் சத்தம் அப்படியே இருக்குது, முள்ளு மட்டும் படுத்துக்குது."

எர்த்

பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்குக்கும் மீட்டருக்கும் எர்த் ஒயர் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்து, அந்த இடம் துருப்பிடித்திருந்தால், விளக்கு எரியும்போதெல்லாம் மீட்டர் ஆடும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் துருப்பிடிக்காதது ஒன்றும் கிடையாது. டேஷ்போர்டைக் கழற்றினேன். நினைத்தபடியே எர்த் போல்ட் பச்சை பூத்துப்போய் இருந்தது. சுரண்டி, ஒயர் நுனிக்குப் புது வளையம் (லக் என்போம்) போட்டு முறுக்கினேன். இன்ஜினை முறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். முள் அசையவில்லை. எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

மரப்பாலம் வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு முள் ஒழுங்காக நின்றதாம். சிக்னலில் அடுத்தடுத்து மிதித்ததும் பழைய கதைதானாம். நின்ற இடத்தில் சரியாக இருக்கிற வண்டி ஓடினால் கெட்டுப்போகிறது என்றால், எலக்ட்ரீஷியனுக்கு அதைவிடப் பெரிய சாபம் இல்லை. நான் எரிச்சலில், முள்ளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் அண்ணே என்றேன். அவர் சாவியை என் மேஜை மேல் வைத்தார்.

"மலைக்கு இட்டுக்கினு போறது என் பேரன பாய். நான் எல்லாத்தையும் பார்த்துதான் ஓட்டணும்."

பெல்ட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இங்கே என் பக்கத்துக் கடைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழுமலை இன்ஜின் மெக்கானிக். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். ஆனால் வண்டிக்குள்ளே எங்களுக்கு ஒரு எல்லை உண்டு. அது பெல்ட். இன்ஜினோடு சேர்ந்து ஓடி ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற அந்த ரப்பர் பெல்ட்டும் அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாமும் அவருடையது. ஆல்டர்னேட்டர், ஒயர், விளக்கு, மீட்டர் எல்லாம் என்னுடையது. அவர் வேலையில் நான் கை வைக்க மாட்டேன், என் வேலையில் அவர் மூக்கை நுழைக்க மாட்டார். இந்த ஏற்பாட்டினால்தான் இத்தனை வருஷமாக நாங்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்கிறோம்.

டீசல் வண்டியில் சுற்றை எண்ணித் தர ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால் ஆர்.பி.எம் மீட்டருக்குக் கணக்கு போவது ஆல்டர்னேட்டரில் இருந்துதான். அது சுற்றுகிற சுற்றைத்தான் முள் காட்டும். பெல்ட் வழுக்கினால் இன்ஜின் பாட்டுக்கு ஓடும், ஆல்டர்னேட்டர் பின்தங்கும், முள் விழும். இது எனக்குத் தெரியாததல்ல. அதனால் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, தணிகாசலம் அண்ணன் வண்டி பெல்ட் எப்படி என்று கேட்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"பெல்ட் போன வாரம்தான் புதுசு போட்டேன். உன் மீட்டர் கெட்டுப்போனதுக்கு என் பெல்ட் மேல பழி போடாத."

இரண்டாவது மீட்டர்

புது பெல்ட் வழுக்காது என்று நம்பினேன். பெல்ட்டை விரலால் அழுத்தியும் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. அடியில் கையை விட்டுப் பார்க்கவில்லை, அது எல்லைக்கு அந்தப் பக்கம். மிச்சம் இருந்தது மீட்டர் மட்டும்தான். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் பக்கம் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற ஒரு யார்டில் அதே மாடல் மீட்டர் கிடைத்தது. வாங்கி வந்து மாட்டினேன். இந்தத் தடவை அண்ணனை நம்பாமல் நானே பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

புதுச்சேரி தட்டையான ஊர். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. முன்னால் எப்போதும் ஒரு ஸ்கூட்டர் நிற்பதால் வேகமும் கிடையாது. இந்த ஊரில் பிரேக்கின் உண்மையான குணம் யாருக்கும் தெரியாது. அவர் வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டினார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தில் நின்ற முள் சட்டென்று எண்ணூறுக்கு விழுந்து, திணறித் திணறி மேலே ஏறியது. இன்ஜின் சத்தம் மாறவே இல்லை. அவர் சொன்னது அப்படியே. ஆனாலும் வாய் விட்டுக்கொடுக்கவில்லை. யார்டு மீட்டர்தானே, இதுவும் கெட்டதாக இருக்கும் என்றேன். திங்கட்கிழமை வண்டியை விடுங்கள், ஆல்டர்னேட்டரைப் பிரித்தே பார்த்துவிடலாம், முள் விழுந்தால் வண்டி நின்றா போகும் என்றும் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு மீட்டரும் ஒண்ணா பேசி வெச்சிக்கினா பொய் சொல்லுது பாய்?"

டீயோடு வந்த செய்தி

ஞாயிறு விடிவதற்கு முன்பே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். காலையில் நான் கடையைத் திறந்து, அதே மாதிரி ஒரு பழைய ஆல்டர்னேட்டரைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். தணிகாசலம் மலைக்குப் போயிட்டாரா என்று கேட்டார். போயிட்டார் என்றேன். பிறகு டீயை ஊதிக்கொண்டே, நீ அந்த ஆல்டர்னேட்டரைச் சீக்கிரம் பார்த்துவிடு, எண்ணெய் விடுகிறது என்றார். பெல்ட் மாற்றும்போதே பழைய பெல்ட் நனைந்துதான் இருந்ததாம். துணியால் துடைத்துவிட்டுப் புதுசை மாட்டினாராம். உன் பக்கத்து வேலை, நீயே பார்த்துக்கொள்வாய் என்று அவர் விட்டுவிட்டார்.

ஆல்டர்னேட்டரில் ஏதுய்யா எண்ணெய் என்று கேட்டேன். கேட்டு முடித்ததும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் என் மேஜை மேல் இருந்ததைப் பார்த்தோம். இந்த மாதிரி பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சின்னப் பம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வேக்குவம் பம்பு. பிரேக் மிதிப்பதற்கு லேசாக இருக்கிறதே, அந்த லேசைக் கொடுப்பது அதுதான். இன்ஜின் எண்ணெய் போவது அதற்குத்தான். அது என் ஆல்டர்னேட்டரில் இருப்பதால் என்னுடையது என்று ஏழுமலை நினைத்தார். பிரேக்குக்கு வேலை செய்வதால் அவருடையது என்று நான் நினைத்தேன். கடைசியில் அது யாருடையதாகவும் இல்லாமல், சீல் போய், எண்ணெயைக் கக்கிக்கொண்டு, பெல்ட்டை நனைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. பிரேக்கை மிதிக்க மிதிக்க அது திணறும், பெல்ட் வழுக்கும், முள் விழும். முள் சொன்னது அத்தனையும் நிஜம். ஏழுமலை கிளாஸைக் கீழே வைத்தார்.

"பாய், அவர் எறங்கும்போது பிரேக் கல்லா ஆயிடும்."

எடுக்காத போன்

பிரேக் ஒரேயடியாகப் போய்விடாது. ஆனால் லேசாக மிதித்து நிறுத்தின வண்டியை முழு உடம்பையும் கொடுத்து மிதித்து நிறுத்த வேண்டும். ஆள் நிறைந்த வண்டி, எழுபது வளைவு, இறக்கம். பெல்ட்டே அறுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தணிகாசலம் அண்ணன் வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார். ஊரில் நல்ல பழக்கம் உள்ள ஒரே டிரைவர் அவர். அன்றைக்கு அந்த நல்ல பழக்கத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விழுப்புரம் தாண்டியிருப்பார், கள்ளக்குறிச்சி தாண்டியிருப்பார் என்று ஏழுமலை ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலையில்லை, இறங்கும்போதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டது. மலை ஏற ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். நான் மறுபடியும் மறுபடியும் நம்பரை அழுத்தினேன். ஏழுமலை என்னோடு சண்டை போட ஒரு வாய்ப்பையும் விடாதவர். அன்றைக்கு அவர் பேசியது ஒன்றே ஒன்று.

"நீ போட்டுக்கினே இரு. நான் புது பெல்ட் ஒண்ணு எடுத்து வெக்கறேன்."

உச்சியில் இருந்து

மதியத்துக்கு மேல் அவரே கூப்பிட்டார். மொட்டை முடிந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டோம், கிளம்பப் போகிறோம், என்ன பாய் இத்தனை தடவை போன் என்றார். பின்னால் குழந்தை அழுகிற சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: வண்டியை ஸ்டார்ட் பண்ணி, நின்ற இடத்திலேயே பிரேக்கை வேகவேகமாக ஒரு பத்துத் தடவை மிதியுங்கள், கடைசியில் பெடல் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். போனைக் காதிலேயே வைத்திருந்தார். இன்ஜின் சத்தம் கேட்டது. அவர் மூச்சு விடுவதும் கேட்டது. பிறகு, பெடல் இறங்க மாட்டேன் என்கிறது என்றார்.

இந்த வண்டியில் யாரும் மலை இறங்கக் கூடாது, எல்லாரையும் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள், நாங்கள் வருகிறோம் என்றேன். அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் ஓட்டை வண்டி என்ற பேச்சைப் பொறுத்துக்கொண்டு, அதிலேயே மேலே கூட்டிக்கொண்டு போய், இப்போது அதே வாயிடம் போய் பஸ்ஸில் போங்கள் சம்பந்தி என்று சொல்ல வேண்டும். மெதுவாக ஓட்டி இறக்கிவிடுகிறேனே என்று ஆரம்பித்தார். நான் கத்திவிட்டேன். அதுவரைக்கும் அவரிடம் நான் குரல் உயர்த்தினதே இல்லை. பிறகு அவர் போனோடு நடந்து போவதும், தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொல்வதும் கேட்டன. சம்பந்தி ஏதாவது குத்திப் பேசுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவர் முதலில் தன் மனைவியைக் கூப்பிட்டு, பெண்டு பிள்ளைகளோடு பஸ்ஸுக்குப் போகச் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"நீங்க மட்டும் இங்க தனியா வண்டிய காவல் காத்துக்கினு நிப்பீங்களா? நானும் இருக்கேன் சம்பந்தி."

யாருடைய நட்டு

அந்தக் காலத்து வண்டிக்கு அந்தப் பம்பு மலை மேல் கிடைக்காது. என் மேஜை மேல் இருந்த ஆல்டர்னேட்டரைச் சரிபண்ணி, யார்டில் தேடி எடுத்த நல்ல பம்பு ஒன்றை அதன் முதுகில் ஏற்றி, கட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏழுமலை பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு பக்கம் ஜன்னல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மலை மேல், வண்டி நின்ற செம்மேட்டில் இறங்கினோம். இரண்டு சம்பந்திகளும் காருக்குள்ளேயே தூங்கி எழுந்து, ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலையை ஆரம்பித்தோம். பழைய ஆல்டர்னேட்டரை அவிழ்த்ததும் உள்ளே இருந்து கறுப்பு எண்ணெய் என் கால் மேல் ஊற்றியது. பம்புக்கு எண்ணெய் கொண்டுவருகிற குழாயின் நட்டு மட்டும் மாட்டிக்கொண்டது. அது உன்னுடையது என்றேன். பம்பு உன் ஆல்டர்னேட்டரில்தானே இருக்கிறது என்றார் ஏழுமலை. எழுபது வளைவுக்கு மேலே, குளிரில், காலியான வயிற்றோடு, நாங்கள் இருவரும் அந்த நட்டுக்காகக் குரல் உயர்த்த ஆரம்பித்தோம். லாஸ்பேட்டைச் சம்பந்தி டீ கிளாஸோடு வந்து நடுவில் நின்றார்.

"நட்டு யாருதுன்னு ஊருக்குப் போய் பஞ்சாயத்து வெச்சிக்கலாம். இப்ப யாராவது ஒருத்தர் கழட்டுங்க."

இறக்கம்

மாட்டி முடித்து, நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தோம். பெடல் லேசாகவே இருந்தது. எங்கள் வேலை முடிந்தது, நாங்கள் பஸ்ஸில் வந்துவிடுகிறோம் என்று ஏழுமலை நைசாக ஆரம்பித்தார். தணிகாசலம் அண்ணன் பின் கதவைத் திறந்துவிட்டார். ஏழுமலை ஏறினார், அவர் பக்கத்தில் சம்பந்தி. முன் சீட்டு எனக்கு.

முதல் வளைவு வந்தது. அண்ணன் மிதித்தார், முள் நின்றது. அடுத்த வளைவு, அடுத்தது. நான் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் இருந்து ஏழுமலை என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய மூச்சு என் காதில் பட்டது. பாதி மலையில், ஒரு வளைவு திரும்பும்போது கீழே இருந்து பஸ் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. அண்ணன் முழுப் பிரேக் போட்டார். எதிரே பஸ், பக்கத்தில் பள்ளம், நான் அந்த நேரத்திலும் முள்ளைத்தான் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? இன்ஜின் இறங்கின அளவுக்குத்தான் முள்ளும் இறங்கியது, அதற்கு மேல் ஒரு கோடுகூட விழவில்லை. வண்டி பஸ்ஸுக்கு நல்ல இடைவெளி விட்டு நின்றது. பஸ் டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். சம்பந்தி அப்போதுதான் தணிகாசலம் அண்ணன் தோளில் லேசாகத் தட்டினார்.

அடிவாரத்தில் காரவள்ளியில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பினார் அண்ணன். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. இறங்கி நின்றபோதுதான் பின்னால் மலை எவ்வளவு உயரம் என்பதையே பார்த்தேன், பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. ஏழுமலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"கொல்லிமலை எப்படி இருந்துச்சின்னு வீட்ல கேட்டா இன்னா சொல்லுவீங்க? நீங்க ரெண்டு பேரும் முள்ளத் தவிர ஒண்ணும் பார்க்கலயே."

பழைய டீசல் கார் வைத்திருக்கும் மகாஜனங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மீட்டர் பொய் சொல்கிறது என்று எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும், மறுபேச்சு பேசாமல் அவனை முன் சீட்டில் உட்கார வைத்து ஒரு மலை இறங்குங்கள்.